பங்கு இறைச்சி: மன்னார்க் கரையில் முழு மாட்டை வாங்கிப் பகிர்ந்த வரலாறு

மன்னார்த் தீவில் மாட்டிறைச்சி உண்போர் தொகை பெரிது. மாடு மேயும் நிலமோ சிறிது. மணல், பனை, உப்புத்தரை, கரையோர முட்புதர் என்று கிடக்கும் அந்தத் தீவில் கழுதை பிழைத்துக்கொள்ளும். பெருமந்தைக்குப் புல் போதாது. மந்தைகள் எல்லாம் கடலுக்கு இப்பால் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்தைச் சுற்றிய வயல்வெளிகளிலும், முருங்கன், நானாட்டான், அடம்பன் பகுதிகளிலும், தெற்கே முசலியின் காட்டோரங்களிலும் இருந்தன. தீவிலும் எதிர்க்கரையிலும் உண்பவர்களில் பெரும்பகுதியினர் பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, வங்காலை போன்ற ஊர்களின் கத்தோலிக்கரும், எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை போன்ற ஊர்களின் முஸ்லிம்களும் ஆவர். இடையே திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த சைவக் குடிகளுக்கு மாடு உழவுக்கும் பாலுக்கும் எருவுக்கும் உரியது, இறைச்சிக்கு அன்று. மந்தையிலிருந்து உலைக்கு இறைச்சி வந்த வழியை இந்த அமைப்பே தீர்மானித்தது.

மன்னார், வன்னிப் பகுதிகளின் நாட்டு மாடு சிறிய உடல்வாகு உடையது. வளர்ந்த மாட்டின் உயிரெடை பொதுவாக 200 கிலோவைச் சுற்றியே நிற்கும். அறுத்து, தோல், தலை, குடல் நீக்கினால் அதில் பாதி, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு, எலும்போடு கூடிய இறைச்சியாக மிஞ்சும். ஆகவே ஒரு நாம்பனை வாங்கினால் 90, 100 கிலோ இறைச்சி ஒரே காலையில் கைக்கு வந்துவிடும். எந்தத் தனிக்குடும்பமும் அதை இரண்டு நாளில் உண்டு முடிக்க முடியாது. மன்னார் வெயிலில் பச்சை இறைச்சி மாலைவரை நிற்பதே அரிது. இதற்கு மன்னார்க் கரை கண்ட விடை பங்கு. பத்து, பதினைந்து, சில வேளை இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாட்டை வாங்கி, அன்றைக்கே அறுத்து, அன்றைக்கே பிரித்துக்கொண்டன. பொருளைக் கெடாமல் பாதுகாப்பதைவிட, கெடுமுன் பலருக்குள் பிரித்துவிடுவது எளிதாக இருந்தது. பண்டிகை நாட்களில் ஆட்டையும் இதே முறையில் பங்கு போடுவது வடபகுதி முழுவதிலும் வழக்கம்.

பங்கின் நடைமுறை எழுதிவைக்கப்படாத ஒழுங்கு. ஒருவர் முன்நிற்பார். அவர் பட்டிக்குப் போய் மாட்டைப் பார்த்து விலை பேசுவார். எடை போடும் பேச்சே இல்லை. முதுகின் அகலம், தொடையின் திரட்சி, விலா எலும்பு தெரிகிறதா என்பது, பல்லைப் பார்த்துச் சொல்லும் வயது ஆகியவற்றை வைத்து உருப்படிக்கு இவ்வளவு என்று கண்மதிப்பாகத் தீரும். விற்கப்படுவது பெரும்பாலும் நாம்பன், உழவுக்கு உதவாத எருது அல்லது மலட்டு மாடு. கன்று ஈனும் பசுவையும் நாகையும் பட்டிக்காரர் கொடுப்பதில்லை. அவருடைய முதல் அதுதான். மாடு அறுபட்ட பின், தொடை, சந்து, விலா, கழுத்து எல்லாம் கலந்து வரும்படி வெட்டி, பனையோலைப் பாயில் அல்லது வாழையிலையில் எண்ணிக்கைப்படி குவியல் வைப்பார்கள். ஈரலும் கொழுப்பும் எலும்பும் எல்லாக் குவியலிலும் சிறிது சிறிதாக விழ வேண்டும். தலையும் காலும் குடலும் தனியே விலை பேசப்படும், அல்லது வெட்டியவருக்கும் உதவியவருக்கும் போகும். தோல் தனிப் பணம். உப்பிட்டுக் காயவைத்து வியாபாரியிடம் சேர்க்கப்படும். குவியல்கள் உமலிலோ ஓலைப்பட்டையிலோ வீடு போய்ச் சேரும். காசு உடனே கொடுப்பவரும் உண்டு, மீன்பாடு வந்தபின் கொடுப்பவரும் உண்டு. மீனவனுக்கும் பட்டிக்காரனுக்கும் இடையே கருவாடும் நெல்லும் இறைச்சியும் கைமாறிய கணக்குகளில் பணம் கடைசியாகவே வந்தது.

முஸ்லிம் ஊர்களில் இதே முறைக்கு மார்க்கம் தந்த வரையறை உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளில் கொடுக்கும் உழ்ஹிய்யா என்ற பலிக்கு இரண்டு வயது நிறைந்த மாடு வேண்டும். ஒரு மாட்டில் ஏழு பேர்வரை கூட்டுச் சேரலாம். கிடைத்த இறைச்சியை வீட்டுக்கு, உறவுக்கும் அயலுக்கும், ஏழைக்கு என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். உழ்ஹிய்யாவின் இறைச்சியை விற்பதோ, அறுத்தவருக்குக் கூலியாகத் தோலைக் கொடுப்பதோ கூடாது. சந்தையைத் தொடாமல் மந்தையிலிருந்து நேரே மக்களிடம் போகும் இறைச்சிக்கு இதைவிடத் தெளிவான விதி மன்னாரில் வேறெதுவும் இருந்ததில்லை.

கத்தோலிக்க ஊர்களில் பங்கின் நாட்காட்டி கிறிஸ்மசும் உயிர்ப்புப் பெருவிழாவும். ஆனால் பருவம் அவற்றோடு ஒத்துப்போகவில்லை. மன்னாரின் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையே பொழியும். காலபோக நெல் விதைத்த உடனே மாடுகள் வயலை விட்டு வெளியேற வேண்டும். குளத்தின் மேல்பக்கத்துக்கும் காட்டுக்கும் போய், அறுவடை முடிந்த பின்னரே திரும்பும். பெப்ரவரி, மார்ச்சில் அரிதாளையும் புல்லையும் மேய்ந்து மாடு கொழுக்கும். அந்த மாதங்கள் பெரும்பாலும் தவக்காலம். இறைச்சியை விலக்கும் காலம். மாடு நன்றாக இருக்கும்போது உண்ண விரதம் தடுத்தது; உண்ணலாம் என்ற கிறிஸ்மசில் சேமிக்க மழை தடுத்தது, ஏனென்றால் மழையில் இறைச்சியைக் காயப்போட முடியாது. ஆகவே கிறிஸ்மஸ் இறைச்சி பங்கு பிரித்து இரண்டு நாளில் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று. மிஞ்சியதைத் தன் கொழுப்பிலேயே வறுத்து, மிளகாயும் உப்பும் கூட்டிச் சட்டியில் வைத்து, நாளுக்கு ஒருமுறை சூடாக்கி ஓட்டினார்கள்.

காயவைக்க ஏற்ற காலம் சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை. கருவாடு போடத் தெரிந்த கைகளுக்கு இறைச்சி வற்றல் புதிய கலை அன்று. கொழுப்பை முழுக்க நீக்க வேண்டும். கொழுப்பு இருந்தால் சில நாளில் காறிப்போகும். தொடை இறைச்சியை நாரோட்டத்தின் வழியே நீள நீளமாக, விரல் தடிமனில் வார்ந்து, உப்பும் மஞ்சளும் தடவி ஓரிரவு வைத்து, மறுநாள் பனைநாரில் கோத்துக் கட்டுவார்கள். மூன்று நான்கு நல்ல வெயில் போதும். இரவில் பனிபடாமல் உள்ளே எடுக்க வேண்டும். பகலில் காகத்துக்குக் காவல் இருக்க வேண்டும். பின்னர் அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டால் புகை மீதியைப் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் உப்புக்கண்டம் என்று பெயர்பெற்றதும் இதுவே. உப்பு அருகிலேயே விளைந்தது. மன்னார்த் தீவில் இன்றும் உப்பளம் இருக்கிறது. ஆனால் ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் உப்பு அரசின் தனியுரிமைப் பொருள். கரையில் தானாகப் படியும் உப்பை அள்ளுவதும் குற்றமாக இருந்தது. கண்ணெதிரே கிடந்த பொருளை விலை கொடுத்து வாங்கியே கருவாட்டுக்கும் இறைச்சிக்கும் இட வேண்டியிருந்தது.

இறைச்சியைச் சேமிக்கும் பழைய முறைகளைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் நன்கு அறியப்பட்ட ஒன்றுக்கு மன்னாரோடு தொடர்பு உண்டு. கண்டி அரசனிடம் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தப்பிக் காடுகளினூடே நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் நாள் மன்னார்க் கரையின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அப்போது அங்கிருந்தவர்கள் ஒல்லாந்தர். 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலில், காட்டு வேடர் இறைச்சியைத் தேனில் இட்டு, மரப்பொந்தில் வைத்து, களிமண்ணால் அடைத்துப் பாதுகாத்ததை அவர் குறித்திருக்கிறார். அது மான், மரை போன்ற வேட்டை இறைச்சி, மாடு அன்று. ஆயினும் உப்பில்லாத உள்நாட்டில் தேனும், உப்பிருந்த கரையில் வெயிலும் ஒரே வேலையைச் செய்தன என்பது விளங்குகிறது.

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கீசர் 1560இல் நிறுவினர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் பிரித்தானியரும் கைப்பற்றினர். இவர்களில் பின்னைய இருவரும் பழகிவந்த சேமிப்பு முறை வேறு. கடுங்குளிர் தொடங்கும் நவம்பரில் மாட்டையும் பன்றியையும் கொன்று, உப்புநீர்ப் பீப்பாயில் அடைத்து, அடுத்த கோடைவரை உண்பது வட ஐரோப்பிய வழக்கம். கிழக்கிந்தியக் கம்பனிகளின் கப்பல்கள் அந்தப் பீப்பாய்களை ஏற்றியே ஆசியாவுக்கு வந்தன. அயர்லாந்தின் கோர்க் நகரம் இந்த உப்பு மாட்டிறைச்சி வியாபாரத்தால் செழித்தது. அந்தப் பக்குவத்தை மன்னாரில் செய்ய வழியில்லை. உப்பு இறைச்சியின் நடுவுக்குள் ஊறும் முன்பே இந்தச் சூட்டில் எலும்பு ஓரம் அழுகத் தொடங்கிவிடும். மெல்லியதாக வார்ந்து காயவைத்தவர்கள் மெத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. அந்த வெப்பநிலைக்கு அதுவே சரியான அறிவு.

பெருந்தொகை மக்கள் திடீரெனக் கூடியபோது உதவியது மற்றொரு முறை: மாட்டை உயிரோடு வைத்திருப்பது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில், வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும். கீழக்கரை முஸ்லிம்கள், பரதவர், பாரசீக வளைகுடாவின் அராபியர், செட்டிமார், சிறைக்காவலர், பொலிசார் என்று பல பத்தாயிரம் பேர். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு நவீன காலத்தில் மிகப் பெரியது. 1907க்குப் பின் முத்துக்குளிப்பு பெரும்பாலும் ஓய்ந்துபோனது. அத்தகைய கூட்டத்துக்கு ஆடும் மாடும் கால்நடையாகவே வந்து, அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் அறுபட்டன. வேறு வழியும் இல்லை; குளிரூட்டும் வசதி அங்கு எட்டவில்லை. நியூசிலாந்திலிருந்து ‘டனீடின்’ என்ற கப்பல் உறைந்த இறைச்சியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது 1882இல். கொழும்பில் ஐஸ் கம்பனி 1860களிலேயே தோன்றிவிட்டது. தலைநகரின் வெள்ளைக்காரத் துரைமார் உறைந்த ஆட்டிறைச்சியைச் சுவைக்கவும் செய்தனர். அந்தக் குளிர் மன்னாருக்கு வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1914இல் தலைமன்னார்த் துறைக்கு ரயில் வந்தது. ஆளும் தபாலும் சரக்கும் வந்தன. வீட்டு உலைக்கு வரும் இறைச்சியின் வழி மாறவில்லை.

உயிர்க்கால்நடையைச் சேமிப்பாகக் கொள்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. இலங்கையில் பல பத்தாண்டுகள் இல்லாதிருந்த, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் 1987இல் மீண்டும் நுழைந்தது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட கால்நடைகளோடு அது வந்ததாகவே கருதப்படுகிறது. வடக்கு, கிழக்கு மந்தைகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. 1994க்குப் பின்னரே நோய் ஒழிந்தது; 2011இல் உலகிலிருந்தே அது நீங்கியதாக அறிவிக்கப்பட்டது.

சட்டம் இந்த வியாபாரத்துக்குள் புகுந்தது பிரித்தானியர் காலத்தில். 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் இறைச்சிக்காக அறுப்பதையும் விற்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அதன் உள்நோக்கங்களில் முக்கியமானது மாட்டுக் களவைத் தடுப்பது. வன்னி, மன்னார்ப் பகுதிகளில் மாடு கட்டி வளர்ப்பதில்லை. பகலில் காட்டில் மேய்ந்து மாலையில் பட்டிக்குத் திரும்பும், அல்லது திரும்பாமலும் இருக்கும். உடைமையைக் காட்டுவது தோலில் சுட்ட குறி மட்டுமே. மாடு பங்காகிவிட்டால் தோல் உப்புக்குள் போகும், குறியும் போகும். யாருடைய மாடு என்று கேட்க இறைச்சியில் அடையாளம் இல்லை. ஆகவே ஊர் விதானையார் கையொப்பமிட்ட மாட்டு வவுச்சர் இல்லாமல் கைமாறக்கூடாது என்ற முறை வந்தது. பங்கு முறையை நினைத்து உருகுபவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். விடியுமுன் காட்டோரத்தில் அறுத்த களவு மாடு பங்கின் பெயராலேயே ஊருக்குள் வந்ததும் உண்டு. இன்றும் மன்னாரில் அந்தக் குற்றச்சாட்டு ஓயவில்லை.

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இனவிருத்திக்கும் உழவுக்கும் பயன்படும் விலங்குகளை அறுப்பதைக் கட்டுப்படுத்தியது. கால்நடையை இடம்விட்டு இடம் கொண்டுசெல்ல அனுமதிப் பத்திரமும் வேண்டியதாயிற்று. உள்ளூராட்சி மன்றங்கள் மாட்டிறைச்சிக் கடையை ஆண்டுக் குத்தகைக்கு விடும் வழக்கம் வலுப்பெற்றது. குத்தகை எடுத்தவர் மடுவத்தில் அறுப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். போயா தினங்களில் கடை மூடியிருக்கும். றாத்தலாகவும் பின்பு கிலோவாகவும் நிறுத்து விற்கும் கடை, பட்டிக்காரருக்கும் வீட்டுக்கும் நடுவே நிலையாக அமர்ந்தது. வேண்டிய அளவு, வேண்டிய நாளில், சோதித்த இறைச்சி கிடைத்தது பெரிய வசதி. கூடவே கண்மதிப்பின் பேரமும், ஈரல் முதல் எலும்புவரை எல்லாவற்றிலும் பங்கு கிடைக்கும் நியாயமும் மெல்ல ஒதுங்கின. கடையில் முந்தியவருக்குத் தொடை, பிந்தியவருக்குக் கழுத்து.

உள்நாட்டுப் போர் இந்தப் படிப்படியான மாற்றத்தை இடையில் உடைத்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். மாடுகளைக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. மாட்டு வியாபாரத்திலும் அறுப்பிலும் பெரும்பங்கு வகித்தவர்கள் ஒரே மாதத்தில் இல்லாமற்போயினர். பெருநிலப்பரப்பில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் தடை. ஐஸ் இல்லாத இடத்தில் பங்கும் வெயிலும் மறுபடி பழைய வேலையை ஏற்றன. 2007இலும் 2008இலும் முசலி, அடம்பன், மடு, விடத்தல்தீவு மக்கள் அடுத்தடுத்து இடம்பெயர்ந்தபோது மந்தைகள் கைவிடப்பட்டுக் கட்டாக்காலிகளாயின. போர் முடிந்து திரும்பியவர்களில் பலர் குறி அடையாளத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு காட்டில் தம் மாட்டைத் தேடினர்.

2009க்குப் பிறகு மின்சாரம் சிற்றூர்களுக்கும் வந்தது. 2010இல் தீவுக்கான புதிய பாலம் திறக்கப்பட்டது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பங்கின் அடிப்படைக் காரணத்தையே நீக்கிவிட்டது. 4 பாகை செல்சியசில் பச்சை மாட்டிறைச்சி இரண்டு மூன்று நாள் நிற்கும். -18 பாகையில் உறையவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வெளிநாட்டிலிருந்து பணம் வரும் குடும்பம் ஒன்று, பெருநாளுக்கு வாங்கிய இரண்டு மூன்று பங்குகளையும் உறைபெட்டியில் அடுக்கிவிடலாம். முன்பு பதினைந்து வீடு உண்ட மாட்டை இப்போது ஐந்து வீடு வாங்குகிறது. அயலுக்குக் கொடுத்தாக வேண்டிய அவசியம் குறைந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டின் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை நீண்டபோது, உறைபெட்டி நிறைய இறைச்சி வைத்திருந்தவர்கள் உப்பையும் பகிர்வையும் மறுபடி நாட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசெம்பரில், மண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. அந்த இறைச்சி சந்தைக்கு வந்துவிடலாம் என்ற அச்சத்தால் இம்மாகாணங்களிலிருந்து இறைச்சியை வெளியே கொண்டுசெல்வது தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டது. மாட்டை நேரில் பார்த்து வாங்கியவருக்கு அந்த அச்சம் இருக்கவில்லை.

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய இலங்கை அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. உண்பவர்களுக்கு இறக்குமதி இறைச்சியைக் குறைந்த விலையில் கொடுப்பதும் அந்த முன்மொழிவில் இருந்தது. 2021இல் 1893, 1958ஆம் ஆண்டுச் சட்டங்களைத் திருத்தும் முயற்சியும் தொடர்ந்தது. மன்னாரின் மந்தைக்காரருக்கு இதைவிட நெருக்கமான சிக்கல் மேய்ச்சல் நிலம். காலபோகத்தில் மாடுகள் ஒதுங்கி மேய்ந்த கட்டுக்கரைக் குளத்தின் புலவுத் தரையில் பயிர் செய்வோரும், அதை மேய்ச்சல் தரையாக ஒதுக்கக் கேட்கும் கால்நடை வளர்ப்போரும் ஆண்டுதோறும் மோதிக்கொள்கிறார்கள். காட்டோரங்களோ வனத்துறையின் எல்லைக் கற்களுக்குள் போய்விட்டன. விதைப்பு முதல் அறுவடைவரை நான்கு மாதம் நிற்க இடமில்லாத மாட்டை, பட்டிக்காரர் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். கிறிஸ்மசுக்கும் ஹஜ்ஜுக்கும் பார்த்து வாங்கப் பட்டியில் மாடு இருப்பதில்லை. மன்னாரில் பங்கு இறைச்சி சுருங்கியதற்கு உறைபெட்டியும் சட்டமும் ஓரளவே காரணம். மேய்ச்சல் தரை இல்லாமற்போனதே முதற் காரணம்.